பழைய காமிராவா, புதிய காமிராவா?



ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நான்கு பக்கம். அதில் மூன்று பக்கம் குடும்ப விவரம். கடைசிப் பக்கத்தில்தான் கேள்வி. படித்து முடித்ததும், இந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உரியதல்ல என்று தோன்றியது. ஆகவே இந்த மாதப் பகுதியை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

விஷயம் இதுதான். அவருடைய கணவர் முதலில் பால்மரம் வெட்டியவர். பிறகு தோட்டம் செம்பனைக்கு மாறியதும் குலை வெட்டியவர். இப்போது ஐம்பத்தைந்து வயதாகிச் சேமநிதிப் பணம் கைக்கு வந்திருக்கிறது. மூத்த மகன் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். சனி, ஞாயிறுகளில் சித்தியவானில் படம் பிடிக்கும் ஒருவருக்கு உதவியாளாகப் போய் வருகிறான். இப்போது சொந்தமாகத் திருமணப் படம் எடுக்கும் தொழிலில் இறங்க வேண்டும் என்கிறான்.

அவன் முன்னால் இரண்டு காமிராக்கள் இருக்கின்றன. ஒன்று, அந்தப் படக்காரர் தாம் பல காலம் வைத்திருந்த கேனன் 5டி. "சும்மா கிடக்கிறது, ஏதோ கொடுத்துவிட்டு எடுத்துக்கொள் தம்பி" என்கிறாராம். மற்றொன்று, ஈப்போ கடையில் இருக்கும் கேனன் 5டி மார்க் 3. அதுவும் கைமாறிய சாமான்தான். ஆனாலும் விலை பல மடங்கு. மகன் புதியதைத்தான் கேட்கிறான். அப்பாவின் பணத்தில் ஒரு பகுதியை எடுத்தால்தான் முடியும்.

"ஐயா, இரண்டிலும் படம்தானே விழுகிறது? அப்படி என்ன வித்தியாசம்? இவன் அப்பா முதுகு ஒடிய உழைத்த பணம். கொடுக்கலாமா, கூடாதா?" என்று முடித்திருக்கிறார் அந்தத் தாயார்.

நியாயமான கேள்வி. வாருங்கள், இரண்டையும் மேசை மேல் வைத்துப் பார்ப்போம்.

பிறந்த கதை

காமிராவில் பிலிம் சுருளைப் போட்டு, 36 படம் எடுத்து, கழுவக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அந்தப் பிலிமுக்குப் பதிலாக ஒளியை மின்சாரமாக மாற்றும் சில்லு வந்ததுதான் பெரிய மாற்றம். 1975-ல் அமெரிக்காவில் கோடாக் நிறுவனத்து இளம் பொறியாளர் ஸ்டீவ் சாசன் அப்படிப்பட்ட முதல் காமிராவைச் செய்தார். அதன் எடை ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடி பிடித்தது. அதைக் கண்டுபிடித்த அதே கோடாக் நிறுவனம், பிலிம் வியாபாரம் படுத்துப்போனதால், 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போனது. காலம் யாரையும் விட்டுவைப்பதில்லை.

நம்முடைய பழைய காமிராவான கேனன் 5டி வெளிவந்தது 2005 ஆகஸ்டில். அதற்கு முன்னால், பழைய பிலிம் அளவுக்குச் சமமான முழு அளவுச் சென்சார், அதாவது 36க்கு 24 மில்லிமீட்டர், வேண்டுமென்றால் கனமான, விலை மிகுந்த காமிராவைத்தான் வாங்க வேண்டும். 2002-ல் வந்த கேனன் 1டிஎஸ் ஏறக்குறைய 8,000 அமெரிக்க டாலர். 5டி அதே அளவுச் சென்சாரைச் சிறிய உடம்புக்குள் வைத்து 3,299 டாலருக்கு வந்தது. சிறிய ஊர்களின் படக்காரர்களும் எட்டிப் பார்க்கக்கூடிய விலைக்கு இந்தச் சாதனம் இறங்கியது அப்போதுதான்.

மார்க் 3 வெளிவந்தது 2012 மார்ச்சில். விலை 3,499 டாலர். இரண்டுக்கும் நடுவே 2008-ல் மார்க் 2 வந்தது. அமெரிக்க அதிபர் ஒபாமாவின் முதல் அதிகாரபூர்வப் படம் 2009 ஜனவரியில் அந்த மார்க் 2-ல்தான் எடுக்கப்பட்டது. அமெரிக்க அதிபருக்கு டிஜிட்டல் காமிராவில் எடுத்த முதல் அதிகாரபூர்வப் படமும் அதுவே.

ஆக, தம்பி "புதியது" என்று சொல்வதும் சந்தைக்கு வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்ட காமிராதான். முதலில் இதை நினைவில் வையுங்கள்.

படம் எவ்வளவு பெரிது?

கடைக்காரர் முதலில் சொல்வது மெகாபிக்சல் கணக்கு. பழையது 12.8, புதியது 22.3. கேட்டவுடன் இரு மடங்கு போலத் தோன்றும். ஆனால் நமக்கு வேண்டியது என்ன? அச்சடித்த ஆல்பம்.

நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்தில் 300 புள்ளி என்று கணக்கு வைத்தால், பழையது பதினாலரை அங்குலம் நீளத்துக்குத் தாராளமாக வரும். புதியது பத்தொன்பது அங்குலம் வரை வரும். 12க்கு 18 அங்குல ஆல்பப் பக்கத்தில் பழைய காமிராவின் படத்தை முழுதாகப் போட்டாலும் அங்குலத்துக்கு ஏறக்குறைய 240 புள்ளி கிடைக்கும். சாதாரணக் கண்ணுக்கு அது குறையாகத் தெரியாது. மணமக்கள் வீட்டுச் சுவரில் மாட்டும் படத்தை யாரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதில்லை.

எங்கே வித்தியாசம் வரும் என்றால், வெட்டி எடுக்கும்போதுதான். தூரத்தில் நின்று கூட்டமாக எடுத்த படத்தில் பாட்டியின் முகத்தை மட்டும் தனியாகப் பெரிது செய்ய வேண்டும் என்றால், புதியது கைகொடுக்கும். அதற்கும் ஒரு விலை உண்டு. பழையதில் மூலப் பதிவு ஒவ்வொன்றும் ஏறக்குறைய 13 மெகாபைட், புதியதில் 27. ஒரு திருமணத்துக்கு ஆயிரம் படம் என்றால் 13 ஜிகாபைட் எங்கே, 27 ஜிகாபைட் எங்கே? வீட்டில் இருக்கும் பழைய கணினி இந்தச் சுமையைத் தாங்குமா என்று தம்பி பார்த்துக்கொள்ள வேண்டும். காமிரா வாங்கியபின் கணினி, அதற்குப் பின் சேமிப்புத் தட்டு என்று செலவு வால்போல நீளும்.

இருட்டில்தான் சோதனை

இனிமேல்தான் முக்கியமான பகுதி.

நம் மக்களின் விசேஷங்களை நினைத்துப் பாருங்கள். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் சாமி புறப்படுவது இரவில். தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குக் காவடிகள் விடியுமுன்பே புறப்பட்டுவிடும். முகூர்த்தம் அதிகாலையில் வந்தால் டேவானில் இருப்பது நாலு குழல்விளக்கும் ஒரு குத்துவிளக்கும்தான். பிளாஷ் அடித்தால் முகம் வெளுத்து, பின்னால் எல்லாம் கறுப்பாகப் போய்விடும். சூடம் காட்டும்போது சாமி முகத்தில் விழும் அந்த மஞ்சள் வெளிச்சம் படத்தில் வரவே வராது.

காமிராவில் ஐ.எஸ்.ஓ. என்று ஓர் எண் இருக்கிறது. வெளிச்சத்தை எவ்வளவு தூக்கிக் காட்டும் என்பதற்கான அளவு அது. பழையதில் சாதாரணமாக 1600 வரை, வலுக்கட்டாயமாக 3200. புதியதில் சாதாரணமாகவே 25,600 வரை. கணக்குப்படி 16 மடங்கு. எண்ணைக் கூட்டக் கூட இரண்டிலும் படத்தில் மணல் தூவினாற்போலப் புள்ளி விழும் என்பது உண்மைதான். ஆனால் 6400-ல் புதியது கொடுக்கும் படத்தை ஆல்பத்தில் தாராளமாகப் போடலாம்.

இதனால் நடைமுறையில் என்ன லாபம்? ஒரு மங்கலான மண்டபத்தில் பழைய காமிராவில் 1600 வைத்து, ஒரு விநாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்தால்தான் படம் பதியும் என்று வையுங்கள். அந்த நேரத்துக்குள் மாப்பிள்ளையின் கை அசைந்தால் தாலி முடிச்சு மங்கிவிடும். புதியதில் 6400 வைத்தால் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு போதும். கை அசைந்தாலும் படம் நிற்கும்.

குறி பிடிக்கும் திறமையும் அப்படித்தான். பழையதில் குறிப்புள்ளி 9. எல்லாம் நடுவிலேயே குவிந்திருக்கும். இருட்டில் நடுப்புள்ளியை மட்டும்தான் நம்பலாம். புதியதில் 61, ஓரத்தில் நிற்பவர் முகத்தையும் பிடிக்கும். பழையது குறி பிடிக்கத் தேவைப்படும் குறைந்தபட்ச வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக இருந்தாலே புதியது பிடித்துவிடும். விநாடிக்குப் பழையது 3 படம், புதியது 6. தீமிதியில் ஒருவர் குழியைத் தாண்டும் சில விநாடிகளில் இது பெரிய வித்தியாசம்.

இன்னும் ஒன்று. புதியதில் ஓசையைக் குறைத்து எடுக்கும் வழி உண்டு. நாதஸ்வரமும் தவிலும் முழங்கும் இடத்தில் அதற்கு வேலை இல்லை. ஆனால் நம் தோட்டங்களில் துக்க வீட்டிலும் கடைசியாக ஒரு படம் எடுத்துவைக்கும் வழக்கம் உண்டல்லவா? அங்கே ஷட்டர் "டக் டக்" என்று அடிக்கும்போது படக்காரனுக்கே கூச்சமாக இருக்கும். அந்த இடத்தில் அதன் அருமை தெரியும்.

பணத்தை எங்கே போடுவது?

இந்த இடத்தில் தம்பிக்கு ஒரு இரகசியம் சொல்கிறேன். உடம்பைவிட லென்ஸ் முக்கியம்.

1987-ல் கேனன் தொடங்கிய இ.எஃப். வகை லென்ஸ்கள் இந்த இரண்டு காமிராவிலும் அப்படியே பொருந்தும். சாதாரணமாக இவற்றோடு வரும் நீட்டிச் சுருக்கும் லென்ஸின் வாய் எஃப் 4 அளவு திறக்கும். 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 என்று ஒரு சிறிய லென்ஸ் உண்டு. கேனன் லென்ஸ்களில் மலிவானவற்றில் ஒன்று. அது எஃப் 4-ஐவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். அதாவது, பழைய காமிராவில் இந்தச் சிறு லென்ஸை மாட்டினால், புதியதற்கும் பழையதற்கும் உள்ள இருட்டு வித்தியாசத்தில் பெரும் பகுதியைச் சில நூறு வெள்ளிக்குள் சரிக்கட்டிவிடலாம். ஒரு குறை: வாய் அகலத் திறந்தால் கண் தெளிவாகவும் காது மங்கலாகவும் வரும். குறி தவறவே கூடாது. பழக வேண்டும்.

நல்ல லென்ஸ் வாங்கினால் அது காமிரா மாறினாலும் கூடவே வரும். இன்று வரும் கண்ணாடியில்லாக் காமிராக்களிலும் ஒரு இணைப்பு வளையம் போட்டு இதே லென்ஸைப் பயன்படுத்தலாம்.

"அப்படியானால் அந்தக் கண்ணாடியில்லாப் புதுக் காமிராவையே வாங்கினால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். காலம் அந்தப் பக்கம்தான் போகிறது. 2020-ல் வந்த 1டிஎக்ஸ் மார்க் 3-தான் இந்த வகையில் தங்களுடைய கடைசி முதன்மைக் காமிரா என்று கேனன் தலைவர் 2021-லேயே சொல்லிவிட்டார். அதனால்தான் பழைய வகைகள் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. தொழிலில் இன்னும் கால் ஊன்றாத பிள்ளைக்கு மலிவு ஒரு வரம். ஆனால் உதிரி பாகம் கிடைப்பது வரவர அரிதாகும் என்பதும் உண்மை.

ஒரே ஒரு கார்டு

இவ்வளவு தூரம் படித்தவர்கள், "பழையதையே வாங்கச் சொல்லப் போகிறார்" என்று நினைத்திருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். எங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் என் அண்ணன் மகளுக்குத் திருமணம். படம் எடுக்க வந்தவர் பொறுப்பானவர்தான். நாள் முழுவதும் ஓடி ஓடி எடுத்தார். இரவு வீட்டுக்குப் போய்க் கணினியில் போட்டால் மெமரி கார்டு திறக்கவில்லை. தெரிந்தவர்களிடமெல்லாம் காட்டினார், ஒன்றும் மீளவில்லை. மறுநாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். பணமா பெரிது? என் தாயார் சக்கர நாற்காலியில் இருந்தபடி பேத்தியின் தலையில் அட்சதை போட்டார்கள். அடுத்த மூன்றாவது மாதம் அவர்கள் போய்விட்டார்கள். அந்த அட்சதைப் படம் எங்கள் வீட்டில் இல்லை. யாரோ கைத்தொலைபேசியில் எடுத்த, பாதி முகம் மறைந்த ஒரு படம்தான் இருக்கிறது.

அம்மா, நீங்கள் கேட்டீர்களே, என்ன வித்தியாசம் என்று. என்னைக் கேட்டால் பெரிய வித்தியாசம் இதுதான். பழைய 5டியில் கார்டு போடும் இடம் ஒன்று. மார்க் 3-ல் இரண்டு. ஒரே படத்தை இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதியும்படி வைக்கலாம். வேகம் சற்றுக் குறையும், போகட்டும். ஒன்று கெட்டால் மற்றொன்று இருக்கும். காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் வீட்டுத் திருமணத்துக்குப் போகிறவனுக்கு இது ஆடம்பரம் அல்ல; கடமை.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

எதை வாங்கினாலும் கைமாறிய சாமான் என்பதால் இவற்றைக் கவனிக்கச் சொல்லுங்கள்:

ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று கேட்க வேண்டும். பழையதன் ஷட்டர் ஒரு லட்சம் முறை தாங்கும்படியும், புதியது ஒன்றரை லட்சம் முறை தாங்கும்படியும் செய்யப்பட்டவை. திருமணத்துக்கு ஆயிரம் என்றால் நூறு திருமணம், நூற்றைம்பது திருமணம். கணக்குக் காமிராத் திரையில் தெரியாது. பழுது பார்ப்பவரிடம் கொடுத்துத்தான் அறிய வேண்டும்.

லென்ஸின் வாயை எஃப் 16-க்குச் சுருக்கி, வெள்ளைச் சுவரையோ வானத்தையோ ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. புதியதில் தூசியை உதறும் அமைப்பு உண்டு, பழையதில் கிடையாது.

லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சை. தொடவே வேண்டாம். நம் ஊர் ஈரக் காற்றுக்கு இது பெரிய எதிரி. மழை பெய்து ஓய்ந்த தோட்டத்தில், துணி அலமாரிக்குள் வைத்த காமிரா சில மாதங்களில் கெட்டுப்போகும். ஒரு மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவும் அதனுள் ஈரம் உறிஞ்சும் சிலிகா பொட்டலமும் போதும். பொட்டலம் ஈரமானால் மாற்ற வேண்டும். தோல் பைக்குள் மட்டும் வைக்காதீர்கள். தோலிலேயே பூஞ்சை பிடிக்கும்.

என் முடிவு

அம்மா, உங்கள் கணவரின் சேமநிதியைத் தொட வேண்டாம். அது அவருடைய முதுமைக்குச் சோறு. மகனிடம் அன்பாகச் சொல்லுங்கள்.

அந்தப் படக்காரர் கொடுக்கும் பழைய 5டியை மகன் தன் சம்பளத்திலேயே வாங்கட்டும். கூடவே அந்தச் சிறு லென்ஸையும். ஒரு வருடம் அதில் பழகட்டும். கோயில் திருவிழா, பிறந்தநாள், பகல் வெளிச்சத்தில் குடும்பப் படம் எல்லாம் அதில் தாராளமாக எடுக்கலாம். வெள்ளை வேட்டியும் கருத்த முகமும் ஒரே படத்தில் வந்தால் காமிரா ஏமாறும். அதை எப்படித் திருத்துவது என்பதைப் பழைய காமிராவிலேயே கற்றுக்கொள்ளலாம். எந்தக் காமிராவும் அதைத் தானாகச் செய்து தராது.

ஆனால் தனியாகத் திருமணம் ஒப்புக்கொள்ளும் நாளில், இரண்டு கார்டு போடும் காமிராவை அவன் வாடகைக்கு எடுத்துக்கொண்டு போகட்டும். வாடகையையும் சேர்த்துக் கூலி பேசட்டும். பழையது தோளில் துணையாகத் தொங்கட்டும். பத்துத் திருமணம் நன்றாக நடந்து, கையில் காசு சேர்ந்தபின் மார்க் 3-ஐ வாங்கட்டும். அப்போது அது இன்னும் மலிந்திருக்கும். அவன் காசில் வாங்கியது என்ற பெருமையும் இருக்கும்.

தம்பி, உனக்கும் ஒரு வார்த்தை. காமிரா கைக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, திருமணம் தேடி ஓடாதே. உங்கள் தோட்டத்தைச் சுற்றி வா. லயத்து வீடுகள், பழைய ஆயாக் கொட்டகை, கோயில் ஆலமரம், வாசலில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கும் கிழவிகள் எல்லோரையும் எடு. பேராக்கில் எத்தனையோ தோட்டங்கள் கைமாறி, துண்டாகி, மக்கள் தாமான்களுக்குப் பிரிந்து போய்விட்டார்கள். எங்கே பிறந்தோம் என்று பேரனுக்குக் காட்ட ஒரு படம்கூட இல்லாதவர்கள் நம்மில் பலர். அதற்கு உன் பழைய காமிராவின் 12.8 மெகாபிக்சல் நிறையவே போதும்.

கடைசியாக, அப்பாவை ஒரு படம் எடு. வெட்டுக் கத்தியைப் பிடித்த அந்தக் கைகளும் படத்தில் வரும்படி எடு. எடுத்ததை அச்சடித்து வீட்டுச் சுவரில் மாட்டு. இரண்டு இடத்தில் சேமித்தும் வை.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கேள்வி இருந்தால் எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.